சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் அப்பாவுக்குப் பேச்சு மட்டும் பிடிபடவில்லை: விலை கூடிய காது கருவிக்கு மாறலாமா?

யீஷூன் மாறன்

அப்பாவுக்கு 74 வயது. இரண்டு காதுக்கும் கருவி போட்டிருக்கிறார், காதுக்குப் பின்னால் உட்காரும் வகை. வீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஒலி 96.8 வானொலி கேட்கிறார், ஊருக்குப் போன் போட்டு அத்தையோடு மணிக்கணக்கில் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குக் கூட்டிப் போனால்தான் சிக்கல். தட்டுகளை அள்ளிப்போகும் தள்ளுவண்டிச் சத்தம், கொத்துப் பரோட்டாச் சத்தம், மேலே சுற்றும் மின்விசிறி எல்லாம் கேட்கிறதாம். எதிரே இருக்கும் நண்பர் சொல்வது மட்டும் புரியவில்லையாம். "டீ, பால் போட்டுச் சொல்லவா?" என்று அவர் கேட்டதற்கு, "கால் இப்போ பரவாயில்லை" என்று அப்பா பதில் சொன்னார். மேசையில் எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர. அதிலிருந்து தேக்காவுக்குள் நுழைந்ததும் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்.

வாங்கிய கடையில் கேட்டால், "இது பழைய சிப் அங்கிள், செயற்கை நுண்ணறிவு வந்த புது மாடலுக்கு மாறுங்க" என்கிறார்கள். இப்போதுள்ளதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. வாங்கிக் கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செம்பவாங் கலா

எங்கள் மாமியாருக்கும் இதே கதைதான். கல்யாண வீட்டில் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். தலையாட்டியே மூன்று பேருக்குப் பணம் கடன் கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். இந்த இழையை விடாமல் படிக்கப் போகிறேன்.

செவிமணி

நான் ஆடியாலஜிஸ்ட், காது கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்துவது என் வேலை. எந்த பிராண்டுக்கும் விற்பனை பார்ப்பதில்லை, அதனால் தைரியமாகப் பேசலாம்.

மாறன், உங்கள் அப்பா சொன்னது ரொம்பச் சரியான வர்ணனை. வயதால் வரும் காது மந்தம் பெரும்பாலும் உயர் சுருதியில்தான் தொடங்கும். பேச்சில் 'ஆ', 'ஓ' போன்ற உயிர் ஒலிகளின் பலம் கீழ்ச் சுருதியில் இருக்கிறது. பால், கால், தாள் இவற்றைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்தின் வெடிப்பும் உரசலும் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிக மெல்லியதாக, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். உணவங்காடியின் மின்விசிறி, புகைபோக்கி இரைச்சலோ கீழ்ச் சுருதியில் கனமானது. கீழ்ச் சுருதிச் சத்தம் தனக்கு மேலே உள்ள ஒலிகளையும் சேர்த்து மூடிவிடும். சத்தத்தில் ஒலியளவைக் கூட்டக் கூட மோசமாகிறது என்று பலரும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. உள்காதில் ஒலியை உணர உதவும் வெளிப்புற மயிர் அணுக்கள் செத்துப் போகும்போது ஒலி சின்னதாகக் கேட்பதோடு நிற்காது. பக்கத்துப் பக்கத்துச் சுருதிகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் திறனும் போகும். சல்லடைக் கண்கள் பெரிதாகிவிட்டால் மாவோடு தவிடும் விழும் அல்லவா, அப்படி. கருவி மாவையும் தவிடையும் சேர்த்து நிறையக் கொட்டும், சல்லடையைச் சரிசெய்யாது. 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியது இதற்கும் ஒரு படி உள்ளே: மயிர் அணு உயிரோடு இருக்கும்போதே அதற்கும் நரம்புக்கும் இடையிலுள்ள இணைப்புகள் சத்தத்தால் அறுந்துபோகலாம். அமைதியான அறையில் செய்யும் சோதனையில் அது தெரியாது.

ஆகவே என் முதல் கேள்வி: அப்பாவுக்குச் சத்தத்தின் நடுவே வாக்கியம் சொல்லச் சொல்லும் சோதனை செய்தார்களா? 'பீப்' கேட்டால் பொத்தானை அழுத்தும் சோதனை மட்டும்தானா? 'பீப்' சோதனையில் ஒரே மாதிரி வரைபடம் வந்த இரண்டு பேர் சத்தத்தில் தலைகீழாக வேறுபடுவதை நான் அன்றாடம் பார்க்கிறேன். பாதி வாக்கியம் புரியும் நிலையில் இருப்பவருக்கு, பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி ஒரு டெசிபெல் கூடினாலே ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுதலாகப் புரியும். இரண்டு மூன்று டெசிபெல் என்பது இங்கே பெரிய சொத்து. எந்தச் செலவானாலும் "இது எத்தனை டெசிபெல் தரும்?" என்று கேளுங்கள்.

பழைய மைக்காரர்

முப்பது வருடம் மேடைக்கும் ஒளிப்பதிவுக்கும் மைக் பிடித்தவன். எங்கள் தொழிலில் முதல் பாடம்: மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோ. தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூடும். நண்பர் உட்கார்ந்திருப்பது 160 சென்டிமீட்டர் தள்ளி என்று வையுங்கள். அவர் சட்டையில் 20 சென்டிமீட்டரில் ஒரு சின்ன மைக்கைக் குத்தினால் 160, 80, 40, 20 என்று மூன்று தடவை பாதி. அதாவது 18 டெசிபெல். எதிரொலி அடிக்கும் கூரையின் கீழ் கணக்கு அச்சாக இப்படியே வராது, ஆனாலும் எந்தச் சிப்பும் இதன் பக்கத்தில்கூட வராது.

காது கருவி கம்பெனிகளே இதை விற்கின்றன. ஃபோனாக் கம்பெனியின் ரோஜர் வகை எல்லாருக்கும் தெரிந்தது. பேசுபவர் கழுத்தில் மாட்டலாம், மேசை நடுவில் வைக்கலாம், கம்பியில்லாமல் நேரே காதுக்கு வரும். கடைக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா மாறன்?

யீஷூன் மாறன்

சொல்லவில்லை ஐயா. சத்தத்தில் வாக்கியம் சொல்லும் சோதனையும் செய்யவில்லை. 'பீப்' மட்டும்தான். அப்புறம் ஆங்கிலச் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அப்பா தோட்ட வேலையில் இருந்தவர், ஆங்கிலம் கொஞ்சம்தான். பாதி தப்பாகச் சொன்னார்.

அவர் கருவியின் நுனியில் மிருதுவான ரப்பர் மூடி இருக்கிறது, அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். இது பற்றி யாருக்காவது தெரியுமா?

செவிமணி

அந்த ஆங்கிலச் சொல் சோதனையைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். தெரியாத சொல்லைத் தப்பாகச் சொன்னால் குறை காதில் இல்லை. இரண்டாம் மொழியைச் சத்தத்தில் புரிந்துகொள்வது நல்ல காது உள்ளவர்களுக்கே கடினம் என்பது ஆராய்ச்சியில் உறுதியான விஷயம். தமிழ் தெரிந்த ஒருவர் சோதனையில் உட்கார வேண்டும், அல்லது தமிழ்ச் சொற்பட்டியலைப் பயன்படுத்த வேண்டும். கருவிகளைச் சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஐஎஸ்டிஎஸ் என்ற ஒலித்துண்டு ஆறு மொழிப் பேச்சை வெட்டி ஒட்டியது: ஆங்கிலம், அரபு, சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ். அதில் தமிழ் இல்லை என்று சிலர் கோபப்படுவார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, கருவியின் ஒலியளவைச் சரிபார்க்க அது போதும். நோயாளி என்ன கேட்டார் என்று தெரிந்துகொள்ளும் சோதனையில்தான் தமிழ் வேண்டும்.

இப்போது ரப்பர் மூடி. ஓட்டை உள்ளது திறந்த டோம். காது அடைத்ததுபோல் இல்லாமல் வசதியாக இருக்கும், தன் குரல் தனக்கே கிணற்றுக்குள் பேசுவதுபோல் கேட்காது. கடையில் போட்டுக் காட்டும்போது எல்லாருக்கும் இதுதான் பிடிக்கும். ஆனால் அந்த ஓட்டை வழியாக உணவங்காடியின் கீழ்ச் சுருதி இரைச்சல் கருவியைத் தொடாமலே நேராகச் செவிப்பறைக்குப் போகிறது. உள்ளே எத்தனை கோடி ரூபாய்ச் சிப் இருந்தால் என்ன, அது கைவைக்காத சத்தத்தை அது எப்படிக் குறைக்கும்? கேட்புக் குறை மிதமாகவோ அதற்கு மேலோ இருந்தால் மூடிய டோமோ, காது அச்செடுத்துச் செய்த மோல்டோ போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தன் குரல் ஒலிப்பது கொஞ்ச நாளில் பழகும், எல்லாருக்கும் அல்ல.

கூடவே, செவிப்பறை அருகே மெல்லிய குழாயை விட்டு அங்கே உண்மையில் எவ்வளவு ஒலி சேருகிறது என்று அளந்தார்களா என்று கேளுங்கள். ரியல் இயர் அளவீடு என்பார்கள். அதை அளக்காமல் கணினியின் முதல் பரிந்துரையோடு அனுப்பிவிட்டால், பல பேருக்கு உயர் சுருதி தேவைக்குக் குறைவாகவே இருக்கும். பால் கால் ஆவதற்கு அதுவே போதும்.

சந்தேகப்பேர்வழி

எனக்கு இந்தச் செயற்கை நுண்ணறிவுப் பேச்சே ஒவ்வாது. பத்து வருடம் முன்னால் 'டிஜிட்டல் இரைச்சல் நீக்கம்' என்று சொல்லி விற்றார்கள். இப்போது பெட்டியில் பெயர் மாறியிருக்கிறது, விலை கூடியிருக்கிறது. மைக்காரர் சொன்ன 18 டெசிபெல்லைப் பார்த்த பிறகும் யாராவது சிப்புக்குப் பணம் கொடுப்பார்களா?

நுண்செயலி

சந்தேகம் பாதி சரி, பாதி சரியில்லை அண்ணே. நான் ஒலிச் செயலாக்கத்தில் வேலை பார்க்கிறேன், காது கருவித் துறையில் இல்லை.

பழைய இரைச்சல் நீக்கம் எப்படி வேலை செய்யும் தெரியுமா? பேச்சு ஒரு வினாடிக்கு நான்கைந்து தடவை ஏறி இறங்கும். மின்விசிறி ஏறி இறங்காது. எந்தச் சுருதிப் பட்டையில் ஏற்ற இறக்கம் இல்லையோ அதன் ஒலியைக் குறைத்துவிடும். அதே பட்டையில் இருந்த பேச்சும் சேர்ந்தே குறையும். அதனால் காதுக்கு நிம்மதி கிடைத்தது, களைப்பு குறைந்தது, ஆனால் சொல் கூடுதலாகப் புரிந்ததில்லை. அந்த வகையில் நீங்கள் ஏமாந்ததாக நினைத்தால் தப்பில்லை.

இரட்டை மைக்தான் உண்மையாக உதவியது. காதின் பின்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மைக். பின்னால் இருந்து வரும் சத்தம் ஒன்றைத் தொட்டு மற்றதைத் தொடச் சுமார் 30 மைக்ரோ வினாடி ஆகும். அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பின்பக்கச் சத்தம் அடிபடும், எதிரே இருப்பவர் குரல் நிற்கும். நிஜ வாழ்க்கையில் இரண்டு மூன்று டெசிபெல் கிடைக்கும்.

நியூரல் நெட்வொர்க், அதாவது இப்போது செயற்கை நுண்ணறிவு என்று விற்பது, வந்த பிறகு கதை மாறியது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெலியாங் வாங், எரிக் ஹீலி குழு 2013இல்தான், காது மந்தமானவர்களுக்கு இரைச்சலில் சொல் உண்மையாகவே கூடுதலாகப் புரிவதைக் காட்டினார்கள். ஒரே மைக், திசை உதவி கிடையாது. அதைக் காதுக்குள் கொண்டுவரத்தான் இத்தனை வருடம். ஓட்டிகான் கம்பெனியின் மோர் கருவி ஒரு கோடியே 20 லட்சம் ஒலிச் சூழல்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது என்கிறார்கள். ஃபோனாக் 2024இல் ஸ்பியர் மாடலில் இதற்கென்றே தனிச் சிப்பை வைத்தது. அந்த முறை ஓடும்போது பேட்டரி வேகமாகக் கரையும்.

சிரமம் எங்கே என்றால் நேரம். கருவி யோசித்து முடித்து ஒலியைத் தர அதிகபட்சம் பத்து மில்லி வினாடிதான் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஓட்டை வழியாக நேராக வந்த ஒலியும் கருவியின் ஒலியும் மோதி, தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். போனில் இரைச்சல் நீக்கும் செயலிக்கு இந்த நெருக்கடி கிடையாது. "என் போனே செய்கிறதே, கருவி ஏன் செய்யாது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இத்தனையும் மிளகளவு பேட்டரியில்.

பழைய மைக்காரர்

நன்றாகச் சொன்னீர்கள் தம்பி. ஆனால் பக்கத்து மேசையிலும் ஆள் பேசினால்? அது இரைச்சலா, பேச்சா?

நுண்செயலி

அதுதான் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கும் இடம். மின்விசிறி, தட்டு, தண்ணீர் இவற்றில் இருந்து பேச்சைப் பிரிப்பது இப்போது கைவந்திருக்கிறது. பேச்சில் இருந்து பேச்சைப் பிரிக்க, யாருடைய பேச்சு வேண்டும் என்று கருவிக்குத் தெரிய வேண்டும். காலின் செர்ரி என்ற ஆய்வாளர் 1953இல் கேட்ட அதே கேள்வி. மூளை எப்படியோ தேர்ந்தெடுக்கிறது. 2012இல் மெஸ்கரானி, சாங் என்ற ஆய்வாளர்கள், மூளையின் கேட்புப் பகுதியில் பதிவாவது நாம் கவனம் கொடுக்கும் ஆளின் குரல்தான் என்று காட்டினார்கள். கருவியோ 'முகம் திரும்பிய பக்கம்' என்று ஊகிக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2024இல், ஒருவரை மூன்று முதல் ஐந்து வினாடி பார்த்தால் அவர் குரலை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஹெட்போனைச் செய்து காட்டினார்கள். அது இன்னும் காது கருவிக்குள் வரவில்லை.

தேக்காவில் ஞாயிறு மதியம் இரைச்சலில் பாதி தமிழ்ப் பேச்சுதானே. அப்பா திரும்பிப் பார்க்காமல் தோசையைப் பார்த்துக்கொண்டு கேட்டால் எந்தச் சிப்பும் தடுமாறும்.

இரண்டாம் காது

சின்ன வயதில் இருந்து கருவி போடுகிறேன், இப்போது 31. நீங்கள் எல்லாரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள், கொஞ்சம் ஆளைப் பற்றியும் பேசுவோம்.

நுண்செயலி சொன்ன புது வகையில் ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். வித்தியாசம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். எம்ஆர்டி ரயிலில் நண்பர் பேசுவது முன்பு ஊகம், இப்போது பெரும்பாலும் கேட்கிறது. ஆனால் ஆறு பேர் சுற்றி உட்காரும் மேசையில் இன்றைக்கும் தோற்றுப்போவேன். பேச்சு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும்போது நான் முகத்தைத் திருப்புவதற்குள் நகைச்சுவை முடிந்திருக்கும்.

மைக் குத்துவது எளிது என்று மைக்காரர் ஐயா சொல்கிறார். அதை நீட்டுகிறவன் நான். புதிதாகப் பார்க்கும் ஆளிடம் "இதைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள்" என்று கேட்கும்போது வரும் கூச்சம் எத்தனை டெசிபெல் என்று யாராவது அளந்திருக்கிறீர்களா? வேலையிடத்தில் கேட்பேன். காப்பிக் கடையில் கேட்க மாட்டேன். ஆகவே சிப்புக்கும் நான் பணம் கொடுத்தேன், வருத்தமில்லை.

மாறன், அப்பாவுக்கு இடம் பார்த்து உட்கார வையுங்கள். சுவரோரம், முதுகு கூட்டத்தின் பக்கம், முகம் நண்பர் பக்கம். பலரும் முதியவரைச் சுவரில் சாய்த்து, கூட்டத்தைப் பார்க்க வைக்கிறார்கள். இரட்டை மைக் அப்போது கூட்டத்தைத்தான் பிடிக்கும். தட்டு திருப்பி வைக்கும் இடத்தின் பக்கத்தில் உட்காரவே வேண்டாம். நண்பர்கள் கத்த வேண்டாம், நிறுத்தி, முகம் தெரியப் பேசினால் போதும். கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகும்.

சந்தேகப்பேர்வழி

கூச்சத்துக்கு என்னிடம் பதில் இல்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 74 வயதுக்காரர் நாற்பது வருட நண்பர்களோடு சாப்பிடுகிறார். அவர்களிடம் ஏன் கூச்சம்? மைக்கே போதும் என்ற என் கட்சியில்தான் இருக்கிறேன்.

செம்பவாங் கலா

பணம் பற்றிச் சொல்கிறேன், சமீபத்தில் மாமியாருக்காக அலைந்தேன். 60 வயது நிறைந்தவர்களுக்கு அரசாங்கத்தின் சீனியர்ஸ் மொபிலிட்டி அண்ட் எனேபிளிங் ஃபண்டில் காது கருவிக்கு உதவி உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 சதவீதம் வரை. தகுதி பெற்றவர் மதிப்பீடு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும், அதனால் கடைக்குப் போய்ப் பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். வேலைக்கோ படிப்புக்கோ கருவி தேவைப்படும் செவிக்குறை உள்ளவர்களுக்கு உடற்குறை உள்ளவர்களுக்கான எஸ்ஜி எனேபிள் அமைப்பின் அசிஸ்டிவ் டெக்னாலஜி ஃபண்ட் இருக்கிறது, அதிலும் 90 சதவீதம் வரை, வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. லெங்கோக் பாருவில் எனேபிளிங் வில்லேஜுக்குள் டெக் ஏபிள் என்ற காட்சிக்கூடம் இருக்கிறது, பலவகை உதவிக் கருவிகளைப் பார்த்துவிட்டு வரலாம்.

இன்னும் கருவியே போடாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் புராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். கண், காது, வாய் மூன்றும் பார்ப்பார்கள்.

செவிமணி

கலா அக்கா சொன்னது பலருக்கும் உதவும்.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லவில்லை. நம் ஊர்ப் புழுக்கம். கருவியின் முதுகில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும், அவைதான் மைக் வாய்கள். வியர்வை, தலைக்கு வைக்கும் எண்ணெய், விபூதித் தூள் எல்லாம் சேர்ந்து ஒரு துளையை மட்டும் பாதி அடைத்துவிட்டால் இரண்டு மைக்கும் ஒரே மாதிரி கேட்காது. அப்போது கழித்தல் கணக்கு தப்பி, திசை பிரிக்கும் வேலை நின்றுவிடும். அமைதியான வீட்டில் ஒன்றும் தெரியாது, கருவி நன்றாகத்தான் ஒலிக்கும். சத்தமான இடத்தில் மட்டும் தோற்கும். பெட்டியோடு வந்த சின்ன பிரஷால் தினமும் துடையுங்கள், துளையைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு. ஊசி விடவே கூடாது. இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள்.

யீஷூன் மாறன்

நேற்றுப் பார்த்தேன். இடது கருவியின் பின் துளை இருந்த இடமே தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் பிசுக்கு. அப்பா காலையில் எண்ணெய் தேய்த்து வாரிவிட்டு அந்தக் கையாலேயே எடுத்து மாட்டுகிறார். பிரஷ் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கிறது. அது எதற்கு என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

வேறோர் இடத்தில் தமிழ் பேசும் ஆடியாலஜிஸ்ட்டைப் பிடித்துவிட்டோம். குழாய் விட்டு அளந்தார்கள். உயர் சுருதியில் கணிசமாகக் குறைவாம், ஏற்றிவிட்டு, மூடிய டோம் போட்டிருக்கிறார்கள். "என் குரலே எனக்கு யாரோ பேசுவதுபோல் இருக்கிறது" என்று முனகுகிறார், கழற்றவில்லை. தேக்காவில் எதிரே இருப்பவர் பேசினால் முன்னைவிடப் பிடிபடுகிறது, பக்கத்தில் இருப்பவர் பேசினால் இன்னும் இல்லை. மேசை மைக் ஒன்றை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தோம். நன்றாகக் கேட்டது, ஆனால் சாம்பார்க் கிண்ணத்தை யாரோ அதன் பக்கத்தில் 'டக்'கென்று வைத்ததும் துள்ளிவிட்டார். அம்மாவோ கழுத்தில் மைக் மாட்டவே மாட்டேன் என்கிறார், தாலியோடு உரசுமாம்.

தம்பி இன்னமும் புது மாடல் வாங்கலாம் என்கிறான். சோதனைக்கு வாங்கிப் பார்க்கலாமா?

செவிமணி

தாராளமாக. பல இடங்களில் சில வாரம் சோதனைக்குத் தருவார்கள், திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்குள் போட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டோம் இதே வகையாக இருக்கட்டும், அளவீடும் இதே மாதிரி செய்யட்டும். இல்லாவிட்டால் சிப்பின் பலனா, டோமின் பலனா என்று தெரியாமல் போகும். அதே தேக்கா, அதே மேசை, அதே நண்பர்.

மேசை மைக்கைக் கிண்ணங்களுக்கு நடுவில் நேரே வைக்காமல், மடித்த கைக்குட்டையின் மேல் வையுங்கள். கழுத்து மைக் வேண்டாம் என்றால் முந்தானை ஓரத்தில் கிளிப் போடும் வகையைக் கேளுங்கள், உலோகத்தோடு உரசாது.

பழைய மைக்காரர்

முந்தானை சரி, ஆனால் பட்டு என்றால் துணியே சரசரக்கும். பருத்திச் சேலையில் மாட்டச் சொல்லுங்கள்.